கடிதமும் தன்வரலாறும் கதையும்

(கடையநல்லூரில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழில் கடித இலக்கியம் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் திருமுகப் பாசுரத்திலிருந்து தொடங்குவர். பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் நிற்கும் அப்பாடல், பாணபத்திரருக்குப் பொருள் வழங்குமாறு ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்த ஓலை. இறைவனே கைச்சாத்திட்ட சிபாரிசுக் கடிதம் என்று அதனைக் கூறினால் சைவப் பெரியோர் பொறுத்தருள்வர். ஆயினும் கடிதத்தின் இயல்பை அறிய அதனினும் ஆழமான சான்று சிலப்பதிகாரத்தில் உள்ளது. மாதவி கோவலனுக்கு இரு கடிதங்கள் எழுதுகிறாள். முதற்கடிதம் வேனிற்காதையில் வருவது. தாழை மடலில் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பியது. கோவலன் அதனை வாங்க மறுத்துவிடுகிறான். இரண்டாவது கடிதம் புறஞ்சேரி இறுத்த காதையில் வருவது. கோவலன் மதுரையை நெருங்கிவிட்ட வேளையில், கண்ணகி உடனில்லாத நேரத்தில், கௌசிகன் என்னும் அந்தணன் அவ்வோலையைக் கொண்டு சேர்க்கிறான். ஓலையின் மண்முத்திரையில் மாதவியின் கூந்தல் மணக்கிறது. பிரித்துப் படித்தவன் அவள்மேல் குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே என்று தெளிகிறான்.

இதுவரை சொல்லாத உரையாசிரியர் இல்லை. அதன்பின் அவன் செய்வதுதான் கருதத்தக்கது. அவ்வோலையின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டிய கடிதத்துக்கும் பொருந்தி வருவதைக் கண்டு, அதனையே தன் பெற்றோரிடம் சேர்க்குமாறு கௌசிகனிடம் கொடுத்துவிடுகிறான். அடிபணிதல், பிழை பொறுக்க வேண்டுதல், பெரியோருக்குச் செய்யும் பணியைக் கைவிட்டுப் பிரிந்து சென்றமை என்று அதில் உள்ளவை எல்லாம் ஒரு மகன் எழுதினாலும் பொருந்துவனவே. காதலி காதலனுக்கு எழுதியது மகன் தந்தைக்கு எழுதியதாகிறது. எழுத்து ஒன்றே, பெறுநர் மாறியதும் பொருள் மாறிவிட்டது. கடிதம் என்னும் வடிவத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலாது. மற்றொன்றும் உண்டு. மாதவிக்கு விடை எழுதப்படவில்லை. அவள் எழுத்தே மற்றொருவர் எழுத்தாகப் புகாருக்குத் திரும்பிற்று. இவ்வுரையில் பின்னர் வரும் பெண்கள் பலருடைய நிலையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழில் நாவல் பிறந்தபோது அதற்குப் பெயர் இல்லை. அது தன்னைச் ‘சரித்திரம்’ என்று சொல்லிக்கொண்டது. 1879-ல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நூல் பிரதாப முதலியார் சரித்திரம். விவேக சிந்தாமணியில் தொடராக வந்த ராஜமய்யரின் நாவல் கமலாம்பாள் சரித்திரம். நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1898-ல் எழுதியது பத்மாவதி சரித்திரம். கற்பித்துக் கூறும் வாழ்க்கைக்கு நடந்த வாழ்க்கையின் பெயரைச் சூட்டியதற்குக் காரணம் இருந்தது. பொய் என்று தெரிந்து படிக்கும் பழக்கம் உரைநடையில் அன்று வாசகருக்கு ஏற்படவில்லை. நாற்பதாண்டு கழித்து நிலைமை தலைகீழாயிற்று. உ. வே. சாமிநாதையர் 1940-ல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கையைத் தொடராக எழுதத் தொடங்கி அதற்கு ‘என் சரித்திரம்’ என்று பெயரிட்டார். வாசகர் அதனை நாவலைப்போல் வாரந்தோறும் எதிர்பார்த்தனர். முதலில் கதை வரலாற்றினிடம் கடன் வாங்கிற்று. பின்பு வரலாறு கதையினிடம் கடன் வாங்கிற்று. இக்கொடுக்கல் வாங்கல் இன்றும் தீரவில்லை.

மாதவையாவின் மற்றொரு நூல் இங்கு முக்கியமானது. 1892-ல் விவேக சிந்தாமணியில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்று தொடங்கி இடையில் நின்றுபோனதை அவர் 1903-ல் ‘முத்துமீனாட்சி’ என்று நூலாக்கினார். இளமையில் கைம்பெண்ணான ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்தது அது. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ 1921-ல் வந்தது, முழுவதும் கடிதங்களால் ஆன நாவல், எழுதுபவள் பெண். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். தமிழ் உரைநடைக் கதையில் ‘நான்’ என்று பேசிய முதற்பெண்கள் ஆண்களால் எழுதப்பட்டவர்கள். அவ்வாசிரியர் இருவரும் பெண்ணின் துயரில் உண்மையான அக்கறை கொண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. மாதவையாவின் சினம் நூறாண்டு கடந்தும் ஆறவில்லை. ஆனால் அடிகளின் கோகிலாம்பாள் காதல் துன்பத்தின் நடுவிலும் இலக்கணப் பிழையற்ற தூய தமிழில் எழுதுகிறாள். கண்ணீர் விழுந்து எழுத்துக் கலைந்த ஓரிடம்கூட அக்கடிதங்களில் இருப்பதாகத் தோன்றுவதில்லை. மாதிரிக் கடிதத்துக்கும் உண்மைக் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு அது.

ஆங்கில நாவலும் மாதிரிக் கடிதத்திலிருந்தே முளைத்தது. சாமுவேல் ரிச்சர்ட்சன் அச்சுத் தொழில் செய்தவர். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு உதவும் மாதிரிக் கடிதத் தொகுப்பு ஒன்று செய்து தருமாறு புத்தக வணிகர் இருவர் கேட்க, அவ்வேலையின் நடுவே பிறந்ததுதான் 1740-ல் வெளிவந்த ‘பமீலா’. சிறுவயதில் இளம்பெண்கள் மூவர் தங்கள் காதல் கடிதங்களைத் தம்மைக்கொண்டு எழுதுவித்ததாக அவரே பின்னாளில் குறித்திருக்கிறார். அப்பெண்களின் மனத்தைத் தம் கைவழி எழுதிய சிறுவனே பிற்காலத்து நாவலாசிரியன். கடையநல்லூர்க்காரர்களுக்கு இது புதுமையன்று. வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டவும் மறுமொழி எழுதவும் தெருவில் நாலெழுத்துப் படித்த பையனை அழைக்கும் வழக்கம் இவ்வட்டாரம் முழுதும் இருந்தது. சொல்பவர் நடைக்கதவோரம் நின்று சொல்வார். எழுதுபவன் ‘நலம், நலமறிய அவா’ என்பதற்குப்பின் தனக்குத் தெரிந்ததை எழுதுவான். சொன்னதில் பாதி மையேறாது. அப்பையன்களில் எத்தனை பேர் கதாசிரியர் ஆனார்கள் என்பது வேறு கதை.

வாழ்க்கை வரலாறே கடிதமாக எழுதப்பட்ட அரிய நிகழ்ச்சி நெல்லைச் சீமைக்கு உரியது. கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908-ல் சிறை புகுந்து 1912 இறுதியில் கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலை பெற்றார். தம் வரலாற்றின் முற்பகுதியைச் சிறையிலிருந்தபோது பரலி சு. நெல்லையப்பரின் வேண்டுகோளுக்கு இணங்கி அகவற்பாவில் எழுதினார். அந்நூல் அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 1946-ல் வெளிவந்தது. செக்கிழுத்த மனிதர் தம் துன்பத்தை உரைநடையில் எழுதாமல் ஏன் ஆசிரியப்பாவைத் தேர்ந்தார் என்பது கவிஞர்கள் சிந்திக்க வேண்டிய வினா. தமிழ்ப் புலமை மிக்கவருக்கு அகவல் இயல்பாக வந்திருக்கும் என்பது ஒரு விடை. யாப்பு மனத்தைக் கட்டுக்குள் வைக்கும் என்பது மற்றொரு விடை. அதிகாரிகளின் கண்ணில் படக்கூடிய இடத்தில் அமர்ந்து எழுதும் ஒருவருக்கு ஓலம் உதவாது. அளவான அடிகளே உதவும். அந்நூலில் தன்னிரக்கம் மிகக் குறைவு. பின்வந்த அரசியல்வாதிகளின் தன்வரலாறுகளோடு ஒப்பிட்டால் அதன் அருமை தெரியும்.

பாரதியின் தன்வரலாறு பாட்டே. 1910-ல் ‘கனவு’ என்ற தலைப்பில் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டுக்கு மேலில்லை. இளமைக் காதலும், தந்தையின் தொழில் முறிவும், ஆங்கிலக் கல்வியின் கசப்பும் அதில் உள்ளன. ஆயினும் பாரதியின் பிற்கால வாழ்க்கையை அறிய அவருடைய கடிதங்களையே நாட வேண்டியுள்ளது. அக்கடிதங்களில் முக்கியமானவை சில இங்கிருந்து ஏறக்குறைய ஒருமணி நேரப் பயணத்தில் உள்ள கடையத்திலிருந்து எழுதப்பட்டவை. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தவர் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் 1920 வரை வாழ்ந்தார். 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். புலவன் புரவலனுக்குப் பாட்டால் ஓலை விடுக்கும் பழைய மரபு அது. அதில் பாடுபவன் இரக்கவில்லை. தன் புகழ் வெளிநாடு வரை எட்டிய செய்தியை அரசனுக்கு அறிவித்து, மரியாதையோடு அழைக்கச் சொல்கிறான். ஜமீனிலிருந்து உதவி வரவில்லை. அடுத்த ஆண்டு உரைநடையில் ஒரு சுற்றறிக்கைக் கடிதம் எழுதினார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெய், தீப்பெட்டிபோல வீடுதோறும் பரவச் செய்யும் திட்டம் அது. கடன் தருவோருக்கு வட்டியும் உறுதி சொல்லியிருந்தார். சீட்டுக்கவியின் பெருமிதக் குரலும் சுற்றறிக்கையின் வணிகக் குரலும் ஒரே கூரையின்கீழ், ஒரே ஆண்டு இடைவெளியில் எழுந்தவை. வரலாற்றாசிரியர் ஒருவர் தொகுத்துச் சொல்லும்போது இவற்றுள் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். கடிதங்களாகக் கிடைப்பதால் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன.

அக்கூரையின்கீழ் மற்றொருவரும் இருந்தார். செல்லம்மாளின் பெயரில் ‘தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம்’ 1941-ல், கணவர் மறைந்து இருபதாண்டு கழித்து வெளிவந்தது. இங்கும் ‘சரித்திரம்’ என்ற சொல். புதுவையில் சிறுமியாக அக்குடும்பத்தோடு பழகிய யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ அதன்பின் வந்தது. பாரதியைப் பற்றி ஆண்கள் எழுதிய நூல்களில் கவிதையும் தேசமும் நிறைந்திருக்கும். இப்பெண்களின் நூல்களில் அரிசி இருக்கிறது. அரிசி இல்லாத நாளும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் சிலர் இவற்றை ‘வீட்டுச் செய்திகள்’ என்று ஒதுக்குவது நேரிய முறையன்று. ஒரு கவிஞன் எத்தகைய பொழுதில் எழுதினான் என்பதை வீட்டுச் செய்தியின்றி அறிய வழியில்லை.

உ. வே. சா.வின் என் சரித்திரம் பற்றித் தனியே ஓருரை நிகழ்த்த வேண்டும். இங்கு இரண்டு செய்திகள் போதும். எண்பத்தைந்து வயதில் எழுதத் தொடங்கிய அவர் அறுபது, எழுபது ஆண்டுக்கு முந்தைய உரையாடல்களை வரைகிறார். நினைவாற்றல் ஒருபுறமிருக்க, தமக்கு வந்த கடிதங்களை அவர் காத்து வைத்திருந்ததும் அதற்குத் துணையாயிற்று. பாரிசிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதிய கடிதங்களை அந்நூலுள் காணலாம். அவருக்கு 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் ‘கடிதக் கருவூலம்’ என்று நூலாகியுள்ளன. தன்வரலாற்றையும் கடிதக் கருவூலத்தையும் ஒப்பிட்டுப் படிக்கும் வாய்ப்பு தமிழில் இதற்குமுன் இந்த அளவில் எவருக்கும் கிட்டியதில்லை. இரண்டாவது செய்தி, சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூரைப் பற்றியது. வரகுணபாண்டியனின் ஏட்டுச்சுவடிகளைத் தேடி அவ்வூர்க் கோயிலுக்குச் சென்றவரிடம், பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாகத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் அடைந்த வேதனையை அந்நூலில் படித்தவர் மறவார். தமிழ்நாடு முழுவதும் மேடைகளில் அந்நிகழ்ச்சி எடுத்துரைக்கப்படுகிறது. அப்படி எடுத்துரைப்பவர்களின் இல்லங்களிலும் கம்பியில் குத்தித் தொங்கவிட்ட பழங்கடிதங்கள் போகியன்று கொளுத்தப்பட்டிருக்கும். என் சரித்திரமும் நிறைவுறவில்லை. 1942-ல் ஆசிரியர் மறைய, வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுபோயிற்று. எஞ்சியதை மாணவர் கி. வா. ஜகந்நாதன் ‘என் ஆசிரியப்பிரான்’ என்று எழுதினார். ‘நான்’ என்பது ‘அவர்’ என்று மாறும் அந்த இடத்தில் வாசகருக்கு ஓர் இழப்பு தோன்றுவது இயல்பு.

இனிப் புதுமைப்பித்தன். அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் இளையபாரதியின் முயற்சியால் 1994-ல் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாயின. அது வெளிவந்த காலத்தில் எழுந்த கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது: கணவன் மனைவிக்கு எழுதியதை ஊரார் படிக்கலாமா? எதிர்ப்பவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிறுகதையில் சொல்லுக்குச் சொல் எள்ளலைத் தீட்டிய கை, இக்கடிதங்களில் பணம் அனுப்ப இயலாமைக்கு மன்னிப்புக் கேட்கிறது. அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்று மீண்டும் மீண்டும் வாக்களிக்கிறது. ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனே சென்று, நோய் முற்றி, 1948-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த மனிதரின் வாக்குறுதிகள் அவை. முடிவை அறிந்து படிக்கும் வாசகருக்கு ஒவ்வொரு ‘அடுத்த மாத’மும் தைக்கும். எழுதியவருக்கு அம்முடிவு தெரியாது. தன்வரலாற்றுக்கும் கடிதத்துக்கும் உள்ள தலையாய வேறுபாடு இதுவே. தன்வரலாறு எழுதுபவர் மறுகரையில் நின்று ஆற்றைப் பார்க்கிறார். கடிதம் எழுதுபவர் ஆற்றின் நடுவில் நிற்கிறார்.

அக்கடிதங்களை வெளியிட்டது சரியே. அவை இல்லையேல் புதுமைப்பித்தனின் எள்ளலை மனிதப் பற்றற்ற எள்ளல் என்று சொல்வோரே மிகுந்திருப்பர். ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் முறையில் எச்சரிக்கை வேண்டும். ‘செல்லம்மாள்’ கதையில் நோயுற்ற மனைவியின் அருகிருந்து பணிவிடை செய்யும் பிரமநாயகம் பிள்ளையில் புதுமைப்பித்தனையே கண்டு, புனேக் கடிதங்களை அதற்குச் சான்றாகக் காட்டிய கட்டுரைகள் உண்டு. ‘செல்லம்மாள்’ 1940-களின் முற்பகுதிக் கதை. புனே வாழ்வு அதற்குப் பிந்தியது. கதை முந்தியது, கடிதம் பிந்தியது என்னும் சிறு கணக்கைப் பார்த்திருந்தால் அக்கட்டுரைகள் எழுந்திரா. கதையில் கணவன் பக்கத்தில் இருக்கிறான், சாவது மனைவி. வாழ்க்கையில் கணவன் தொலைவில் இருந்தான், செத்ததும் அவனே. ஒன்றை மற்றொன்றின் நகலாக்குவது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். அந்நூலில் கமலாவின் மறுமொழிகள் இல்லை. ஊர் ஊராக அலைந்த கணவனின் பெட்டியில் அவை தங்காமல் போயிருப்பது இயற்கை. வீட்டில் இருந்தவர் தமக்கு வந்ததைக் காத்தார். வெளியில் திரிந்தவருக்கு வந்தது காற்றோடு போயிற்று. இதன் விளைவு நுட்பமானது: காத்தவரின் குரல் மறைந்து, காக்காதவரின் குரல் நிலைக்கிறது. கமலா விருத்தாசலம் சிறுகதைகள் எழுதியவர் என்பதையும் அக்கதைகள் நூலாகியுள்ளன என்பதையும் கடித நூலைப் படித்தோரில் பலர் அறியார். மறுமொழியைத் தேடுவோர் அங்கே தேடலாம். மு. வரதராசனாரின் ‘தங்கைக்கு’ முதலிய நூல்களிலும் தங்கை ஒருபோதும் பதில் எழுதுவதில்லை என்பது நினைவுக்கு வருகிறது. அவை உறையிட்ட கட்டுரைகள்; நல்ல கட்டுரைகள்; ஆயினும் கடிதம் என்பதற்கு எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும்.

எதிர்முனையில் ஆள் இருந்த கடிதங்களுக்கு இவ்வட்டாரமே சாட்சி. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் அவருடைய நூல்களுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. சாரலும் விருந்தும் கம்பனும் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும். அவர் பதிப்பித்த கம்பனில் பாடல்களை நீக்கியும் திருத்தியும் செய்தவற்றைப் புலவர்கள் ஏற்கவில்லை, ஏற்காமை நியாயமே. கடிதங்களில் அவர் திருத்த எவருமில்லை, தாமாகவே இருக்கிறார். இடைசெவலின் இரட்டையர் இருவரும் ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், 1923 செப்டம்பரில் பிறந்தவர்கள். கு. அழகிரிசாமி சென்னைக்கும் பின்பு மலேயாவுக்கும் சென்றார். கி. ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைக் கி. ரா. போற்றி வைத்திருந்தமையால் அவை நூலாயின. 1970-ல் நாற்பத்தேழாம் வயதை எட்டாமலே மறைந்த அழகிரிசாமிக்குத் தன்வரலாறு எழுத நாள் வாய்க்கவில்லை. அவர் இளமையின் தன்வரலாறு நண்பரின் வீட்டில் கடிதங்களாக இருந்தது. கி. ரா. முப்பது வயதைக் கடந்தபின் கதை எழுத வந்தவர். அவர் நடை பேச்சிலிருந்து வந்ததாகச் சொல்வது பாதி உண்மை. நண்பருக்கு நண்பர் எழுதும் கடிதத்திலிருந்து வந்தது என்பது மறுபாதி. பின்னாளில் அவர் தம் கட்டுரைத் தொடருக்குக் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்று பெயரிட்டது தற்செயலன்று. வண்ணதாசன் தம் கடிதங்களை ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று தாம் வாழும் காலத்திலேயே நூலாக்கியது வேறுவகை. எழுதியவர் ஒப்புதலோடு வந்தமையால் அங்கே அறக்கேள்வி எழவில்லை. ஆனால் நூலாகும் என்று அறிந்தபின் எழுதும் கடிதம் முன்போல் இருக்குமா என்னும் கேள்வி எழுகிறது.

வாழ்க்கை வரலாற்றின் வேடத்தை முழுவதுமாக அணிந்துகொண்ட தமிழ் நாவல் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. 1981-ல் வந்தது. ஜே.ஜே. என்னும் மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5-ல், ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள் இறக்கிறான். நாவலின் பிற்பகுதி அவனுடைய நாட்குறிப்பு. இல்லாத ஒருவனுக்கு இத்துணைத் துல்லியமான நாள் கொடுத்ததில்தான் ஆசிரியரின் தந்திரம் உள்ளது. வாசகர் பலர் அவன் சி. ஜே. தாமஸ் என்றே எண்ணித் துப்புத் துலக்கினர். நாள் குறித்தால் தமிழ் வாசகர் நம்பிவிடுகிறார். இதற்கு மறுதலையாக, பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தபோது நாளும் பெயரும் இல்லாமலே உண்மை என்று உணரப்பட்டது. சொல்பவளுக்குப் பெயரில்லை. நாவலா, தன்வரலாறா என்று விமரிசகர் வாதிட்டனர். கைம்மை நோற்ற பெண்ணை மாதவையாவும் மறைமலையடிகளும் பேசவைத்ததிலிருந்து கருக்கு வரை கடந்த தூரத்தை அவ்வாதம் கவனிக்கவில்லை. குற்றாலத்தில் கவிதைப் பட்டறைகள் நடத்திய கலாப்ரியா ‘நினைவின் தாழ்வாரங்க’ளை எழுதியபோது எவரும் அப்படிக் கேட்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

இறுதியாகக் கடையநல்லூர். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்து கடல் கடந்தவர்கள் சிங்கப்பூரில் 1941-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர். அவ்வமைப்பு 1946-ல் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கி 1982 வரை நடத்திற்று. சீறாப்புராண ஆசிரியரின் பெயரை நெசவாளர்களின் வழித்தோன்றல்கள் கடலுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு வைத்தனர் என்பது தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரியேனும் பெறத்தக்கது. பின்பு வளைகுடா நாடுகளுக்குப் போக்குவரத்து மிகுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திருமணம், மகப்பேறு, கடன், வீடு கட்டுதல் ஆகிய அனைத்தும் 786 என்று தலைப்பிட்ட தாள்களில் நடந்தன. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த நாள்களைவிடக் கடிதத்தில் வாழ்ந்த நாள்கள் மிகுந்த இல்லங்கள் பல. காலிப் உருதுவில் கடிதத்தை உரையாடலாக்கியதை உலகம் கொண்டாடுகிறது. இவ்வூர்த் தெருக்களில் எழுதப்பட்ட உரையாடலைக் கேட்டவர் ஒரே ஒருவர். சில வேளை, படித்துக் காட்டிய பையனையும் சேர்த்து இருவர்.

பையனை நாடாத வழியும் சில பெண்களுக்கு இருந்தது. திருக்குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், தமிழ் எழுத்துப் பயிலாவிடினும், அரபு எழுத்தில் தமிழை எழுதவும் படிக்கவும் செய்தனர். அரபுத்தமிழ் எனப்படும் அம்முறையில் மார்க்க நூல்களும் மாலைகளும் அச்சாகியுள்ளமையை அறிஞர்கள் எடுத்துரைத்துள்ளனர். அதே எழுத்தில் எழுதப்பட்ட சொந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மாப்பிள்ளைக்கு எழுதும் கடிதத்தை மற்றவர் படிக்காதிருக்க அதைவிட நல்ல பூட்டு இல்லை. கவிஞர் சல்மா வீட்டாரறியாமல், தாயின் துணையோடு, புனைபெயரில் தம் கவிதைகளை இதழ்களுக்கு அனுப்பி, 2000-ல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பையும் 2004-ல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலையும் வெளிக்கொணர்ந்தார். அவருக்கு முன்னிருந்த தலைமுறைப் பெண்களின் எழுத்து எங்கே என்று கேட்போருக்கு விடை அலமாரியில் இல்லை. டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

தொலைபேசி வந்தபின் கடிதம் குறைந்தது. கைப்பேசி வந்தபின் நின்றது. பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து அச்சிடுவதா என்பதில் அவசரம் கூடாது. எழுதியவரும் பெற்றவரும் அல்லது அவர்தம் மக்களும் ஒப்பாத கடிதத்தைத் தொடுவது முறையன்று. ஒப்பியபின் அச்சிடுவோர் கடனைப் பற்றியும், மாமியாரைப் பற்றியும், நோயைப் பற்றியும் உள்ள வரிகளை வெட்டிவிட்டு அன்பை மட்டும் அச்சிடுவதும் முறையன்று; அது கோகிலாம்பாள் கடிதமாகிவிடும். ஆனால் காத்து வைப்பதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை; கரையானுக்கு மட்டும் ஒப்புதல் மறுத்தால் போதும். அரபுத்தமிழ்க் கடிதங்களின் நிலை இன்னும் இக்கட்டானது. பேரன்மாரில் அரபு ஓதத் தெரிந்தவர்கள் அவ்வெழுத்துகளை ஓசைப்படுத்துவர். தமிழுக்கெனச் சேர்த்த புள்ளிக் குறிகளையும் பாட்டியின் பேச்சுவழக்கையும் அறியாமையால் சொல் பிரியாது. பாட்டிமாரிலும் தெளிவாகப் படிக்க வல்லவர்கள் இன்று எண்பது வயதை ஒட்டியவர்கள். அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் படிக்கக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும் சில பிற்பகல்களும் வேண்டும். முன்பு தெருப்பையன் செய்த வேலைதான். இம்முறை சொன்னது முழுதும் எழுதப்பட வேண்டும்.